உழைக்கும் உடலுக்கு உணவு

உழவுப் பருவம் நெருங்கும்போது நம் குடியானவர் தமது எருதுகளை எவ்வாறு பேணி வந்தார் என்பது யாவரும் அறிந்ததே. கோடையில் வெறும் வைக்கோலைத் தின்று நின்ற மாட்டுக்கு உழவு தொடங்கியதும் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் தவிடும் சேரும். ஏரில் பூட்டுமுன் தண்ணீர் காட்டுவார். மாடு சால் நடுவே சோர்ந்து நின்றால், “தீனி போதவில்லை” என்பாரேயன்றி, “இது சோம்பேறி மாடு” என்று உடனே முடிவு கட்டமாட்டார். இன்று பெரும்பாலான ஊர்களில் எருது இருந்த இடத்துக்கு டிராக்டர் வந்துவிட்டது. டிராக்டருக்கும் டீசல் இன்றேல் ஓட்டமில்லை என்பதை எவரும் மறுப்பதில்லை.

ஆனால் மனிதர் என்று வரும்போது மட்டும் இந்தக் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். நடவு நடும் பெண் பதினொரு மணிக்கு வரப்பில் சாய்ந்து உட்கார்ந்தால், “இக்காலத்து ஆட்கள் முன்போல் வேலை செய்வதில்லை” என்கிறோம். ஊராட்சிக் கூட்டங்களிலும் உழவர் கூட்டங்களிலும் அடிக்கடி எழும் குறை இது. அக்குறையில் உண்மை எவ்வளவு, அறியாமை எவ்வளவு என்பதை ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சோம்பல் என்று நாம் பெயரிட்டு வைத்திருப்பதில் பெரும்பகுதி பசியும் இரத்தச் சோகையுமே ஆகும்; அவற்றுள் பலவற்றைத் தீர்க்கும் வழி ஊராட்சியின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

உடலின் வரவு செலவு

நாம் உண்ணும் உணவு உடலுக்குள் மெல்ல எரிந்து சக்தியாக மாறுகிறது. அச்சக்தியைக் கலோரி என்னும் அளவால் கணக்கிடுகின்றனர். படுத்துறங்கும்போதும் இதயம் துடிப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் ஒரு பகுதி செலவாகிறது. அது தவிர்க்க முடியாத செலவு. எஞ்சியதே உழைப்புக்குக் கிடைக்கும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் உட்கார்ந்து வேலை செய்பவராயின் நாளொன்றுக்கு 2,110 கலோரி வேண்டும். நடுத்தர உழைப்பாளிக்கு 2,710. கடின உழைப்பாளிக்கு 3,470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 1,660, 2,130, 2,720 ஆகும்.

இவ்வெண்களைச் சற்று நிதானமாக நோக்க வேண்டும். வீட்டிலேயே அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், நாள் முழுவதும் கடினமாக உழைக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு 1,060 கலோரி. இது ஏறக்குறைய 300 கிராம் அரிசிக்குச் சமம். அதாவது, களத்துமேட்டில் நெல் தூற்றியும் கட்டுச் சுமந்தும் உழைக்கும் பெண், அலுவலகத்தில் அமர்ந்து எழுதும் பெண்ணைவிட ஒரு முழு வேளைச் சாப்பாடு கூடுதலாக உண்டாக வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆண்களும் குழந்தைகளும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதே அவளுக்கு.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியமாகும். உடல் தனது அவசரத் தேவைக்கு மாவுச்சத்தைத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. இரவு முழுவதும் உணவின்றி இருக்கும்போது கல்லீரலின் சேமிப்பு பெருமளவு கரைந்துவிடும். விடியற்காலையில் ஒரு குவளை காப்பியோடு வயலுக்குச் செல்பவர் குறைந்த கையிருப்போடு வேலையைத் தொடங்குகிறார். முதல் இரண்டு மணி நேரம் கை வேகமாக ஓடும். பிறகு தலை சுற்றும், கால் நடுங்கும், கவனம் சிதறும். அரிவாளும் களைக்கொத்தியும் விரலில் படுவதற்கு இந்நேரம் ஏற்றதாகிவிடுகிறது.

பசியோடு உழைப்பவர் நிலை

குறைந்த உணவு உழைப்பை என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் ஆராய்ந்தார். தாமாக முன்வந்த 36 இளைஞர்களுக்கு 24 வாரங்கள் தேவையில் ஏறக்குறையப் பாதி உணவே அளிக்கப்பட்டது. அவர்கள் தங்கள் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். வலிமையும் தாங்கும் திறனும் வீழ்ந்தன. ஆனால் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. அவர்கள் வீணாக அசைவதையே தவிர்த்தனர். எதிலும் நாட்டமின்றி உட்கார்ந்தே இருந்தனர். அவர்கள் யாவரும் நல்ல ஆரோக்கியமும் சுறுசுறுப்பும் உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுடைய இயல்பு மாறவில்லை. செலவைச் சுருக்கிக் கொள்ளும்படி உடலே கட்டளையிட்டது. வருவாய் குறைந்த குடும்பம் செலவைக் குறைப்பதைப் போன்றதே இதுவும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் தொழிலாளரிடையே நடந்த ஆராய்ச்சியும் நமக்குப் பாடமாகும். உணவைக் கூட்டியபோது அவர்கள் செய்த வேலையின் அளவு கூடியது. பின்னர், அதிகம் உழைப்போருக்குச் சிகரெட் பரிசாக அளிக்கப்பட்டது. வேலையின் அளவு மேலும் உயர்ந்தது. ஆனால் உழைப்பாளரின் எடை குறையத் தொடங்கிற்று. பரிசின் ஆசையால் அவர்கள் தங்கள் உடலையே எரித்து உழைத்தனர். உணவை மேலும் கூட்டிய பிறகே, உழைப்பு குறையாமல் எடையும் மீண்டது.

கரும்பு வெட்டு, செங்கற்சூளை, மொத்தக் கூலிக்கு எடுக்கும் நடவு ஆகியவற்றில் ஆட்களை அமர்த்துவோர் இதை மறத்தல் கூடாது. கூலி ஆசையால் வேகம் கூடும் என்பது உண்மை. ஆயினும் அந்தக் கூலி சோறாகத் தட்டில் விழாவிட்டால், வேகத்துக்குரிய விலையை உழைப்பவருடைய உடலே செலுத்தும். கூலியில் ஒரு பகுதி சாராயத்துக்குப் போகும் வீட்டில் இந்த நஷ்டம் இரட்டிப்பாகும்.

இரத்தச் சோகை என்னும் மறைந்திருக்கும் பகை

வயிறு நிறைந்திருந்தும் உழைக்க இயலாதவர் பலர். அடுப்பில் விறகு இருந்தால் போதாது, காற்றும் வேண்டும். உடலின் அடுப்புக்குக் காற்றைக் கொண்டு சேர்ப்பது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள். அதனை ஆக்க இரும்புச்சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் ஹீமோகுளோபின் குறையும். தசைகளுக்குப் பிராணவாயு போதாது. இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். தசையினுள் சக்தியை உண்டாக்கும் பொருள்களுக்கும் இரும்பு தேவைப்படுவதால், சோகை வெளியே தெரியுமுன்பே தாங்கும் திறன் குறையத் தொடங்கிவிடும்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், பெண்களுக்கு 12 கிராமுக்கும், கருவுற்ற தாய்மார்களுக்கு 11 கிராமுக்கும் குறைந்தால் அது சோகை எனப்படும். 2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களுள் இந்தியாவில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கும் சோகை இருப்பதாகக் கண்டறியப்பட்டது. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கைகளாலேயே நடக்கும் நம் ஊர்களில் இதன் பொருள் என்ன? வரிசையாகக் குனிந்து நிற்கும் பத்துப் பெண்களுள் ஐந்து பேர் ஏதேனும் ஓர் அளவில் இக்குறையோடு உழைப்பவராக இருக்கக்கூடும்.

இக்குறை வேலையை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தெளிவான சான்று உண்டு. அங்கே கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து சென்று குடியேறியவர்களின் வழிவந்தோர். நம் உறவினர் என்றே சொல்லலாம். அத்தோட்டப் பெண்களை ஓடும் பட்டையின்மேல் நடக்கச் செய்து சோதித்து, 1977-இல் முடிவுகள் வெளியிடப்பட்டன. ஹீமோகுளோபின் மிகக் குறைந்த பிரிவினருள் ஒருவராலும் கடினமான கட்டத்தை எட்ட இயலவில்லை. நிறைந்த பிரிவினரோ அதனை எட்டினர். 1979-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இரும்புச்சத்து மாத்திரை பெற்றவர்கள் முன்னைவிட அதிகக் கொழுந்து பறித்தனர். யாருக்குச் சோகை மிகுதியாக இருந்ததோ அவருக்கே முன்னேற்றமும் மிகுதியாக இருந்தது. வேலை நேரம் முடிந்த பின்பும் அவர்கள் முன்போல் படுத்துவிடாமல் சுறுசுறுப்பாக நடமாடினர் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அதே 1979-இல் இந்தோனேசியாவில் ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளரைப் பற்றி வெளியான ஆராய்ச்சியும், சோகையுள்ளவர்கள் பின்தங்கியிருந்ததையும், இரண்டு மாத கால மாத்திரைக்குப் பின் மற்றவரை எட்டிப் பிடித்ததையும் காட்டிற்று.

மேற்பார்வையாளர் கடிந்ததால் இவர்கள் மாறவில்லை. இரத்தம் ஊறியது, வேலையும் ஊறியது.

இரும்பு எங்கே போகிறது? பெண்களுக்கு மாதவிலக்கிலும் பிள்ளைப்பேற்றிலும் இரத்தம் கழிகிறது. வெளியிடங்களில் மலங்கழிக்கும் ஊர்களில் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் ஈரமண்ணில் வளர்ந்து, வெறுங்கால் வழியே உடலுள் புகுந்து, குடலைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. ஒரு புழு உறிஞ்சுவது சில துளிகளே ஆயினும், நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் நாள்தோறும் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். ஆகவே கழிப்பறையும் காலணியும்கூட உணவைச் சார்ந்த விஷயங்களே.

நமது தட்டில் உள்ளவை

உணவு ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பின்னர் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசன் நம் நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாண உணவை உண்டவை மிகச் சிறுத்திருந்தன. இதனால் அரிசி தீயது என்று கொள்ளலாகாது. அரிசி மட்டுமே உணவாவதுதான் தீயது.

தீட்டிய வெள்ளை அரிசியில் உமியை அடுத்துள்ள தவிடு நீங்கிவிடுகிறது. அத்தவிட்டில்தான் பி1 என்னும் வைட்டமின் உள்ளது. மாவுச்சத்தைச் சக்தியாக மாற்ற இது இன்றியமையாதது. நெல்லைப் புழுக்கும்போது அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், நம் முன்னோரின் புழுங்கலரிசிப் பழக்கம் அறிவுடைமையே ஆகும்.

100 கிராம் அரிசியில் புரதம் 7 அல்லது 8 கிராம். பருப்பு வகைகளில் ஏறக்குறைய 22 கிராம். நிலக்கடலையில் 25 கிராம் வரை. அரிசிப் புரதத்தில் குறைவானது பருப்பில் உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. ஆதலால் இரண்டும் சேர்ந்த இட்லியும் பொங்கலும் சாம்பார்ச் சோறும் தனித்தனியே உண்பதைவிட மேலானவை. கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் உள்ளது. வேறு எத்தானியத்திலும் இவ்வளவு இல்லை. கம்பில் தீட்டிய அரிசியைப்போல் பல மடங்கு இரும்பு உண்டு. கூழை இரவில் கரைத்துப் புளிக்க வைப்பதாலும், பயற்றை முளைகட்டுவதாலும், இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும் பொருள் குறைகிறது.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேராது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றுள் ஒன்றை உடன் உண்டால் அது மிகுதியாகச் சேரும். சாப்பாட்டுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் குறைவாகவே சேரும். ஆகவே தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தல் நலம். மீன், கருவாடு, இறைச்சி ஆகியவற்றின் இரும்பு எளிதில் சேர்வதோடு, கீரையின் இரும்பையும் சேரச் செய்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சோகை முற்றியவருக்கு முருங்கைக் கீரை மட்டும் போதாது. மருத்துவர் தரும் மாத்திரையை உரிய காலம் முழுவதும் உட்கொள்ள வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு அஞ்சி நிறுத்திவிடலாகாது. வயிறு குமட்டினால் இரவு உணவுக்குப் பின் உட்கொள்ளலாம்.

தண்ணீரையும் மறத்தல் ஆகாது. 50 கிலோ எடையுள்ளவர் வியர்வையால் ஒரு லிட்டர் நீரை இழந்து அதை ஈடு செய்யாவிட்டாலே உழைப்புத் திறன் குறையத் தொடங்கும். கடும் வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே இவ்வளவு வியர்வை வெளியேறக்கூடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல், அரை மணிக்கொரு முறை ஒரு குவளை நீர் அருந்த வேண்டும். உப்பிட்ட மோரும் நீராகாரமும் இதற்கு மிகவும் ஏற்றவை. வயலில் ஒதுங்க இடமில்லையே என்று பெண்கள் பலர் வேண்டுமென்றே தண்ணீர் குடியாமல் இருக்கின்றனர். இது வெளியே பேசப்படாத குறை. ஆயினும் உண்மையான குறை.

உழைக்கும் நாளுக்குரிய உணவு முறை ஒன்றைக் கீழே காட்டியுள்ளோம்.

காலை, வேலைக்குப் புறப்படுமுன்: கேழ்வரகு அல்லது கம்பங்கூழ் மோருடன், அல்லது பழைய சோறு, சிறிய வெங்காயம், துவையல், இயன்றால் ஒரு முட்டை.

முற்பகல் பத்து மணி: ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை அல்லது சுண்டல், ஒரு துண்டு வெல்லம், நீர். 50 கிராம் கடலை மட்டுமே 280 கலோரி தரும். 12 கிராம் புரதமும் தரும்.

நண்பகல்: சோறு, பருப்பு மிகுந்த குழம்பு, கீரை, நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை ஊறுகாயை மட்டும் நம்பாமல் ஒரு கொய்யாப்பழம்.

இரவு: சோறு அல்லது களி, காய்கறி, மோர், கிடைக்கும் நாளில் மீன் அல்லது கருவாடு.

இவற்றுள் நம் ஊரில் கிடைக்காத பொருள் ஒன்றுமில்லை.

ஊராட்சி செய்யக்கூடியவை

1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில் சுகாதாரம், மகளிர் குழந்தைகள் நலம், பொது விநியோகம் ஆகிய மூன்றும் ஊராட்சிகளுக்குரிய பொருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளன. எனவே உணவு பற்றிப் பேசுவது ஊராட்சிக்குப் புறம்பான வேலையன்று. பின்வருவனவற்றை ஒவ்வோர் ஊராட்சியும் எடுத்துக்கொள்ளலாம்.

1. கிராம சுகாதாரச் செவிலியருடன் கலந்து, நடவு தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே உழைக்கும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சோதனை நடத்த நாள் குறித்தல். சோதனை நடந்தால் மட்டும் போதாது. குறைவுள்ளவர் மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்கிறாரா என்பதை மகளிர் குழுக்கள் வாரந்தோறும் விசாரித்தல் வேண்டும். எவருடைய அளவையும் பொதுவில் வாசித்தல் கூடாது.

2. வளரிளம் பெண்களுக்கான வாராந்தர இரும்பு மாத்திரையும், குழந்தைகளுக்கான குடற்புழு நீக்க மாத்திரையும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தவறாது வழங்கப்படுகின்றனவா என்று உறுப்பினர்கள் நேரில் பார்த்தல். பள்ளியை விட்டு நின்ற பெண்களின் பட்டியலைத் தனியே வைத்தல்.

3. வீட்டுக்கு ஒரு முருங்கை, ஒரு கொய்யா, ஒரு எலுமிச்சை என்னும் முறையில் கன்றுகள் வழங்குதல். குழாயடியில் வழியும் நீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்புதல்.

4. பொது வேலைத் தளங்களில் குடிநீர், நிழல், பெண்களுக்கு ஒதுங்கும் இடம் ஆகிய மூன்றையும் வேலை தொடங்கும் நாளிலேயே அமைத்தல்.

5. ஆட்களை அமர்த்தும் உழவர், முற்பகலில் கடலையோ சுண்டலோ கூழோ அளிக்கும் வழக்கத்தை மேற்கொள்ளல். வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகும் பழைய வழக்கம் பல ஊர்களில் தேநீரும் வடையுமாகச் சுருங்கிவிட்டது. அதனை மீட்பது தருமமும் ஆகும், இலாபமும் ஆகும். ஆனால் இதைக் காரணம் காட்டிக் கூலியைக் குறைத்தல் நேர்மையன்று.

6. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராமசபைக் கூட்டங்களுள் ஒன்றிலேனும் உணவையும் சோகையையும் தனிப்பொருளாக வைத்து விவாதித்தல்.

“ஏழைக்கு முட்டையும் பழமும் ஏது?” என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. உண்ணும் அளவைத் தீர்மானிப்பது அறிவு மட்டுமன்று, கூலியும் விலையும்தான். ஆயினும் கைக்குள் இருப்பதையே சரிவரப் பங்கிடாத குறையும் உண்டு. வீட்டில் கடைசியாக உண்பவள் முதல் ஆளாக வயலில் இறங்குகிறாள். அவளும் மற்றவரோடு அமர்ந்து பருப்பிலும் மீனிலும் சமபங்கு பெறுவதற்கு அரசு ஆணை எதுவும் வேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஆண்கள் மனம் வைத்தால் இன்றிரவே நடக்கும்.

பள்ளிக் குழந்தை பசியோடு படிக்க முடியாது என்பதை இந்நாடு முன்னரே உணர்ந்தது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவும், 2022-இல் காலை உணவும் தொடங்கப்பட்டன. பசித்த பிள்ளையை மந்தபுத்தி என்று சொல்வதை நாம் விட்டோம். பசித்த உழைப்பாளியைச் சோம்பேறி என்று சொல்வதையும் விட்டுவிட வேண்டும். அடுத்த நடவுக்குமுன் விதையையும் உரத்தையும் கணக்கிடும்போது, நடப்போகும் கைகளுக்குரிய உணவையும் அதே ஏட்டில் எழுதிவைப்போமாக.